தூதர் மனை

ஒரு நாடு பிறிதொரு நாட்டின் தலைநகரில் பெரும்பாலும் இரண்டு கட்டடங்களை வைத்திருக்கும். ஒன்று தூதரகம், கடவுச்சீட்டும் கடிதப் போக்குவரத்தும் வாணிகக் கணக்கும் நடைபெறும் அலுவலகம் அது. மற்றொன்று தூதர் குடியிருக்கும் மனை. முன்னதைப் பற்றிச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். பின்னதைப் பற்றி விருந்து நாளன்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும் வரலாற்றில் மனையே மூத்தது. அலுவலகம் என்றொரு தனிக் கட்டடம் தோன்றுவதற்கு முன்னர், நெடுங்காலம் தூதரின் வீடே தூதரகமாக இருந்தது. எழுத்தர்கள் அங்கேயே உண்டு உறங்கினர். அரசாங்கங்களுக்கிடையே நடந்த பேச்சு உணவு மேசையில் தொடங்கிற்று.

இந்த மனைக்கு உலகில் வேறெந்த வீட்டுக்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. அது எந்த நாட்டு மண்ணில் நிற்கிறதோ, அந்த நாட்டின் காவலரே அதன் வாயிலில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இவ்விதி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு தவறாகக் கையாளப்பட்டது, எதனால் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பழங்காலத்தில் தூதர் என்பவர் போவார், செய்தி சொல்வார், மறுமொழி பெற்றுத் திரும்புவார். அவருக்கு வேண்டியது சில நாள் தங்க ஓர் இடம், அவ்வளவே. வேற்று நகரத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருக்கும் தூதர் என்ற ஏற்பாடு, பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய நகர அரசுகளிடையே வேரூன்றியது. மிலானும் வெனிஸும் பிளாரன்சும் ஒன்றையொன்று நம்பாத அண்டை வீட்டார். எதிரியின் அரண்மனையில் என்ன நடக்கிறது என்பதை நாள்தோறும் எழுதியனுப்ப ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வாறு தங்கியவருக்கு வீடு வேண்டும். விருந்தினரை வரவேற்கக் கூடம் வேண்டும். குதிரைக்கு லாயம் வேண்டும். பெரும்பாலோர் வாடகைக்கே குடியிருந்தனர். தூதர் மாறினால் வீடும் மாறிற்று.

தூதருக்கென்று ஓர் அரசு சொந்தமாக வாங்கி நெடுங்காலம் வைத்திருக்கும் மனைகளுள் மிகப் பழமையானது ரோமாபுரியில் இருக்கிறது. பாப்பரசரிடம் அனுப்பப்பட்ட ஸ்பானியத் தூதர்கள் முதலில் வாடகைக்கு இருந்த அந்த மாளிகை, 1647-இல் விலைக்கு வாங்கப்பட்டது. அதன் முன்னுள்ள சதுக்கம் இன்றும் ஸ்பானியச் சதுக்கம் என்றே வழங்குகிறது. ஒரு தூதர் மனை நகரத்தின் ஒரு பகுதிக்கே பெயர் கொடுத்தது என்றால், அதன் செல்வாக்கு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தச் செல்வாக்கே தொல்லையுமாயிற்று. ரோமாபுரியில் இருந்த தூதர்கள் தம் வீட்டுக்குள் மட்டும் பாப்பரசரின் காவலர் நுழையலாகாது என்று சொல்லவில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நுழையலாகாது என்றனர். விளைவு என்ன? திருடனும் கொலைகாரனும் கடன்காரனும் ஓடிவந்து அத்தெருக்களில் குடிபுகுந்தனர். நகரின் நடுவே சட்டம் செல்லாத பேட்டைகள் தோன்றின. இதைப் பொறுக்காத பாப்பரசர் பதினோராம் இன்னொசென்ட், இவ்வுரிமையைக் கைவிடாத எந்தப் புதிய தூதரையும் ஏற்க மாட்டேன் என்று அறிவித்தார். ஏனைய அரசுகள் ஒவ்வொன்றாக இணங்கின. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் மட்டும் இணங்கவில்லை. 1687-இல் அவருடைய தூதர் லவார்தன் பிரபு, பல நூறு ஆயுதந்தாங்கிய வீரர்கள் புடைசூழ, போருக்கு வருபவர்போல் ரோமாபுரிக்குள் நுழைந்து பார்னேசே மாளிகையில் தங்கினார். பாப்பரசர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவரைக் காணவும் மறுத்தார். சினங்கொண்ட லூயி, மறு ஆண்டில் பாப்பரசருக்குரிய அவிஞோன் நகரைக் கைப்பற்றினார். 1689-இல் இன்னொசென்ட் மறைந்த பின்னரே பூசல் தணிந்து, பிரான்சு அந்தத் தெருவுரிமையைக் கைவிட்டது. தூதருக்கு வீடு போதும், பேட்டை வேண்டா என்ற எல்லை அங்கே வரையப்பட்டது.

வீடாவது பாதுகாப்பாக இருந்ததா என்றால், அதுவும் எப்போதும் இல்லை. 1726-இல் ஸ்பெயினின் முதலமைச்சராயிருந்து பதவியிழந்த ரிப்பர்தா பிரபு, மாட்ரிட் நகரில் ஆங்கிலத் தூதர் வில்லியம் ஸ்டான்ஹோப்பின் வீட்டுக்குள் ஓடி அடைக்கலம் புகுந்தார். நாட்டின் மறைபொருள் அனைத்தும் அறிந்த ஒருவர் வேற்று நாட்டுத் தூதரின் வீட்டில் இருப்பதை எந்த மன்னர்தாம் பொறுப்பார்? ஸ்பானிய வீரர்கள் அவ்வீட்டுக்குள் புகுந்து ரிப்பர்தாவைப் பிடித்துச் சென்று செகோவியாக் கோட்டையில் அடைத்தனர். இங்கிலாந்து கண்டித்தது; ஆனால் கைதி திருப்பித் தரப்படவில்லை. அவர் பின்னர்த் தாமே தப்பியோடினார் என்பது வேறு கதை.

ரோமாபுரியையும் மாட்ரிட்டையும் விட்டு இனிப் பாரிசுக்கு வருவோம். தூதர் மனையின் பணி என்ன என்பதை அந்நகரைப்போல் தெளிவாகக் காட்டும் நகரம் வேறில்லை.

அமெரிக்கா அப்போதுதான் பிறந்த நாடு. பாரிசில் வீடு வாங்க அதனிடம் பணமில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1777 முதல் பல ஆண்டுகள், பாஸி என்னும் புறநகரில் ஒரு செல்வரின் மாளிகைத் தோட்டத்தில் விருந்தினராகவே காலங்கழித்தார். அவருக்குப் பின் வந்த தாமஸ் ஜெபர்சன் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்தார். 1789 ஆகஸ்டு மாதம், பிரெஞ்சுப் புரட்சி மூண்ட சில வாரங்களில், லஃபாயெட் அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினார்: தம் நண்பர்கள் சிலரை அழைத்துவந்து உணவருந்த வேண்டும், மறுக்கலாகாது என்பது செய்தி. வந்தவர்கள் தேசிய சபையின் தலைவர்கள். உணவு முடிந்து மேசைவிரிப்பை எடுத்ததும், புதிய அரசியலமைப்பில் மன்னருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் இருக்கலாமா என்ற வாதம் தொடங்கிற்று. மாலை நான்கு மணி முதல் இரவு பத்து மணி வரை அது நடந்தது. ஜெபர்சன் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாட்டின் அரசியலமைப்பு வேற்று நாட்டுத் தூதரின் உணவு மேசையில் வகுக்கப்படலாமா? தூதர் உள்நாட்டு அரசியலில் தலையிடலாகாது என்பது அவர் தொழிலின் முதல் விதி. கலங்கிய ஜெபர்சன், மறுநாட் காலையிலேயே வெளியுறவு அமைச்சர் மோன்மொரனிடம் சென்று நடந்ததை விளக்கினார். அமைச்சரோ எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருந்தார். அத்தகைய கூட்டங்களில் ஜெபர்சன் தொடர்ந்து இருந்தால் தீவிரர்கள் அடங்குவார்கள் என்று சொல்லி, அவரை ஊக்கவும் செய்தார். இச்செய்தியை ஜெபர்சன் தம் தன்வரலாற்றிலேயே எழுதிவைத்திருக்கிறார். மாற்றுக் கருத்தினர் தம் வீடுகளில் கூட முடியாதபோது, எவருக்கும் சொந்தமில்லாத ஒரு மேசை அவர்களுக்குத் தேவைப்பட்டது. தூதர் மனை அத்தகைய மேசை.

இப்போது அந்நகரின் போபூர் சேந்தொனொரே வீதிக்குச் செல்வோம். அங்கே 39-ஆம் எண்ணுள்ள மாளிகையின் பெயர் ஓத்தெல் த ஷாரோ. பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு இட்டலியும் காப்பியும் நினைவுக்கு வரலாம். பிரெஞ்சு மொழியில் அச்சொல் பிரபுக்களின் நகர்மனையையும் குறிக்கும். ஷாரோ பிரபுவுக்காக 1720-களில் கட்டப்பட்டது இம்மனை. வீதியில் உயர்ந்த வாயில். அதனுள் கல் பாவிய முற்றம். முற்றத்தின் கோடியில் மாளிகை. மாளிகைக்குப் பின்னே நெடுந்தோட்டம். வீதியின் ஆரவாரம் உள்ளே எட்டாது. உள்ளே பேசுவது வீதிக்குக் கேட்காது. கட்டியவர் தூதரை நினைத்துக் கட்டவில்லை. ஆயினும் தூதருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைக் கற்பனை செய்வது அரிது.

1803-இல் இதனை வாங்கியவர் நெப்போலியனின் தங்கை பொலின். கணவர் லெக்லேர் தளபதி கரீபியத் தீவொன்றில் மறைந்தபின் இளம் விதவையாகத் திரும்பிய அவர், அதே ஆண்டில் போர்கேசே என்னும் இத்தாலியப் பிரபுவை மணந்தார். அண்ணன் சக்கரவர்த்தியானதும் மனை சக்கரவர்த்தினியின் அரண்மனைபோல் அலங்கரிக்கப்பட்டது. பொன்முலாம் பூசிய அவருடைய கட்டில் இன்றும் அங்கேயே இருக்கிறது.

1814-இல் நெப்போலியன் வீழ்ந்தார். எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். பிரான்சில் மீண்டும் முடியேறிய பதினெட்டாம் லூயி மன்னரிடம் இங்கிலாந்து அனுப்பிய தூதர் யார் தெரியுமா? ஸ்பெயினில் நெப்போலியனின் படைகளை முறியடித்த வெல்லிங்டன் பிரபு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானை எதிர்த்து நின்ற கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி என்று தென்னாட்டு வரலாற்றில் நாம் படிப்பவரும் இவரே. வென்ற நாட்டின் தளபதியைத் தோற்ற நாட்டிற்குத் தூதராக அனுப்பியது நயமான செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வீட்டு விஷயத்தில் வெல்லிங்டன் நயமாகவே நடந்துகொண்டார். வென்றவர் என்ற உரிமையில் மாளிகையைப் பறிக்கவில்லை. பொலினிடமிருந்து விலை பேசி வாங்கினார். அறைகலன்களுடன் எட்டு இலட்சம் பிராங்குக்கு மேல் விலை. தவணை முறையில் செலுத்த ஏற்பாடு. பொலினோ அவ்வாண்டின் இறுதியில் எல்பாவுக்குச் சென்று அண்ணனுடன் தங்கினார். உடன்பிறந்தோருள் அத்தீவுக்குச் சென்று அவரைக் கண்டவர் அவர் ஒருவரே. இங்கிலாந்து தன் பெரும்பகைவனின் தங்கைக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்க, அப்பகைவன் 1815 பிப்ரவரி இறுதியில் தீவிலிருந்து தப்பி, மார்ச்சில் பாரிசுக்கே வந்துவிட்டான்! ஜூன் 18-ஆம் நாள் வாட்டர்லூவில் இருவரும் சந்தித்தனர். தூதராக வெல்லிங்டன் அம்மனையில் இருந்தது சில மாதங்களே.

வாடகைக்கு இருப்பதற்கும் விலைக்கு வாங்குவதற்கும் பணக்கணக்கைத் தாண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. இருபதாண்டுப் போருக்குப் பின், பகைவரின் தலைநகரில் வீடு வாங்கும் நாடு, இனி இங்கே நெடுங்காலம் பேச்சு நடக்கும் என்று எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு வீண் போகவில்லை. இரு நூற்றாண்டுகள் கடந்தும் பிரிட்டனின் தூதர் அவ்வீட்டில்தான் வாழ்கிறார். அலுவலகம் அண்டையிலுள்ள 35-ஆம் எண் கட்டடத்தில் நடைபெறுகிறது. மறுபக்கத்து 41-ஆம் எண் மாளிகையைப் பின்னாளில் அமெரிக்கா வாங்கித் தன் தூதருக்கு மனையாக்கிற்று. வீடின்றித் தோட்டத்தில் விருந்தினராயிருந்த பிராங்க்ளினின் நாடு அது.

இனி விருந்தைப் பற்றி ஒரு சொல். தூதர் விருந்து வைக்கிறார் என்றால் மக்கள் பணம் வீணாகிறது என்று முணுமுணுப்போர் எக்காலத்திலும் உண்டு. வீணாகும் விருந்துகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எவரை எங்கே அமர்த்துவது என்பதே ஒரு காலத்தில் உயிர்ப்பிரச்சினை. 1661-இல் லண்டன் தெருவில், யாருடைய வண்டி முன்னே செல்வது என்று ஸ்பானியத் தூதரின் ஆட்களும் பிரெஞ்சுத் தூதரின் ஆட்களும் வாளெடுத்துப் போரிட்டனர், பலர் மாண்டனர். 1815-இல் வியன்னா மாநாட்டில்தான் இதற்கு முடிவு காணப்பட்டது. பெரிய நாடு, சிறிய நாடு என்று பாராமல், ஒரே தரத்துத் தூதர்களுள் முதலில் வந்து சேர்ந்தவர்க்கு முதலிடம் என்று வகுத்தனர். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் சிறுவருக்கும் தெரிந்த இவ்விதியைக் கண்டுபிடிக்க அரசர்களுக்கு இத்தனை காலம் பிடித்தது.

பாரிசு மனையில் திருமணங்களும் நடந்தன. இசைமேதை பெர்லியோஸ் 1833-இல் அயர்லாந்து நடிகை ஹாரியட் ஸ்மித்சனை மணந்தது பிரிட்டிஷ் தூதரகத்தில்தான். அங்கே ஒரு பிறப்பும் நிகழ்ந்தது. அது சட்ட மாணவர்க்குச் சுவையானது. பிரெஞ்சு மண்ணில் பிறக்கும் குழந்தைகள் பிரெஞ்சுக் குடிகளாகவே கருதப்படுவர், வளர்ந்ததும் படையில் சேர வேண்டியிருக்கும் என்ற பேச்சு 1870-களில் எழுந்தது. தூதரகத்தின் சட்ட அலுவல்களைக் கவனித்த ஓர் ஆங்கிலேயர், தம் மனைவியின் பேறுகாலத்தைத் தூதரகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். 1874 ஜனவரி 25-இல் அங்கே பிறந்த குழந்தைதான் எழுத்தாளர் சாமர்செட் மாம்.

தூதர் மனை நிற்கும் இடம் தூதரின் நாட்டு மண் என்ற கருத்து அக்காலத்தில் அத்துணை வலுவாக இருந்தது. 1625-இல் குரோஷியஸ் என்னும் டச்சுப் பேரறிஞர், தூதர் தாம் வாழும் நாட்டுக்கு வெளியே இருப்பவர்போலக் கருதப்பட வேண்டும் என்று எழுதியதிலிருந்து வளர்ந்த கருத்து அது. ‘போல’ என்ற உவமையைப் பின்வந்தோர் உண்மையாகவே கொண்டுவிட்டனர். இன்றும் பலர் அவ்வாறே நம்புகின்றனர். அது பிழை. மண் அந்த நாட்டு மண்ணே. அந்த நாட்டுச் சட்டமே அங்கும் செல்லும். ஆனால் அச்சட்டத்தை நடத்த வரும் காவலர், தூதரின் இசைவின்றி உள்ளே கால் வைக்கலாகாது. வேறுபாடு நுட்பமானது, அதை உணர்ந்தால் பொருள் முழுதும் விளங்கும்.

1940 ஜூன் மாதம் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபோது, பிரிட்டிஷ் தூதர் பிரெஞ்சு அரசாங்கத்தைப் பின்தொடர்ந்து நகரை விட்டு வெளியேறினார். நான்காண்டுகள் மனை பூட்டிக் கிடந்தது. 1944 செப்டம்பரில் புதிய தூதர் டஃப் கூப்பர் வந்து திறந்தபோது, நகரை விட்டு ஓடியவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளும் மேசைகளும் அலமாரிகளும் உள்ளே குவிந்திருந்தன. அந்தக் குளிர்காலத்தில் பாரிசில் நிலக்கரிப் பஞ்சம். பெரிய வீடுகளிலும் அடுப்பு எரியவில்லை. கூப்பரின் மனைவி டயானா மாலைதோறும் பச்சை நிறக் கூடமொன்றில் விருந்தினரை வரவேற்றார். ழான் கொக்தோ முதலான எழுத்தாளரும் கலைஞரும் அரசியல்வாதிகளும் வந்தனர். ஜெர்மானியரோடு இணங்கியிருந்தார்கள் என்ற ஐயத்துக்குரிய சிலரும் வந்தனர். அதற்காகக் கண்டனமும் எழுந்தது. கண்டித்தவர் பக்கம் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கூப்பர் நெடுநாள் உழைத்தது ஒன்றுக்காக: பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே உறுதியான நட்புடன்படிக்கை. 1947 மார்ச் 4-இல் டன்கர்க் நகரில் அது கையெழுத்தாயிற்று. விடைபெற்றபோது அவர் மனைக்கு விட்டுச்சென்றது ஒரு நூலகம். தம் சொந்த நூல்களைக் கொண்டே அதனை அமைத்திருந்தார்.

வழக்கமாக இருந்த விதிகள் 1961 ஏப்ரல் 18-இல் வியன்னா உடன்படிக்கையாக எழுதப்பட்டு, 1964-இல் நடைமுறைக்கு வந்தன. இந்தியா 1965-இல் இணைந்தது. அதன் 22-ஆம் பிரிவு, தூதரகத்துக்குள் தலைவரின் இசைவின்றி நுழையலாகாது என்கிறது. கலகக்காரர் நுழையாதபடி காக்கும் கடமையையும் அந்த நாட்டின்மேல் சுமத்துகிறது. தூதரகம் என்ற சொல்லுக்குள் தூதர் வாழும் மனையும் அடங்கும் என்று முதற் பிரிவே விளக்குகிறது. போர் மூண்டாலும் மனை காக்கப்பட வேண்டும் என்பது 45-ஆம் பிரிவு. எதிரியின் வீட்டை ஏன் காக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எதிரியின் தலைநகரில் உங்களுக்கும் ஒரு வீடு இருக்கிறதே! உலக நீதிமன்றத்தின் தீர்ப்பைவிட, ஒவ்வோர் அரசின் கையையும் கட்டுவது இந்த நினைவே.

எழுதிவைத்த விதி எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை. 1996 டிசம்பர் 17-ஆம் நாள் மாலை, பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், ஜப்பானியத் தூதரின் மனையில் பேரரசர் அகிஹிட்டோவின் பிறந்தநாள் விருந்து. அமைச்சர்களும் நீதிபதிகளும் பல நாட்டுத் தூதர்களும் தோட்டத்தில் கூடியிருந்தனர். அப்போது துபாக் அமாரு இயக்கத்தின் 14 கிளர்ச்சியாளர்கள் உள்ளே புகுந்து, நூற்றுக்கணக்கானோரைப் பிணையாக்கினர். அந்நியரை வெளியே நிறுத்துவதற்கான உயர்ந்த மதில், இப்போது உள்ளிருந்தவர்க்குச் சிறையாயிற்று. நாளடைவில் பலரை விடுவித்து 72 பேரை வைத்துக்கொண்டனர். ஜப்பான் பொறுமை வேண்டிற்று. பெருவின் குடியரசுத் தலைவர் புஜிமோரியோ பேச்சு நடத்திக்கொண்டே, மனைக்கு அடியில் சுரங்கம் தோண்டச் செய்தார். 126 நாட்களுக்குப் பின், 1997 ஏப்ரல் 22-இல், படையினர் தரையைப் பிளந்து உள்ளே நுழைந்தனர். பிணையாளிகளில் ஒருவரும், படைவீரர் இருவரும், கிளர்ச்சியாளர் பதினால்வரும் மாண்டனர். எஞ்சிய 71 பேர் மீட்கப்பட்டனர்.

ஜப்பானுக்கு முன்னறிவிப்பு இல்லை. மீட்புக்காக நன்றி கூறிய பிரதமர் ஹஷிமோட்டோ, தமக்குச் சொல்லாமல் நடத்தியது வருந்தத்தக்கது என்றும் கூறினார். 22-ஆம் பிரிவின் எழுத்தைப் பார்த்தால் இசைவின்றி நுழைந்தது மீறல். அதே பிரிவு சுமத்தும் காக்கும் கடமையைப் பார்த்தால் நுழையாதிருப்பது எங்ஙனம்? சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதனை வாதிடுகின்றனர். அந்த மனை பின்னர் இடிக்கப்பட்டது. படையினர் பயிற்சி பெறுவதற்காக, அறைக்கு அறை அச்சாக எழுப்பிய மாதிரி வீடுதான் லிமாவில் எஞ்சி நின்று அருங்காட்சியகமாகியிருக்கிறது.